மார்ச் பனிக்கு எந்த மழைமானி வாங்கலாம்?

நேராக விஷயத்துக்கு வருகிறேன். பனி கொட்டும் ஊரில் இருந்துகொண்டு, புயல் ஓய்ந்ததும் "உங்க பக்கம் எத்தனை இன்ச்?" என்று நாலு பேரிடம் கேட்காவிட்டால் தூக்கம் வராத ரகமா நீங்கள்? அப்படியானால் முந்நூறு டாலர் கொடுத்து மின்னணு வானிலை நிலையம் வாங்காதீர்கள். நாற்பது டாலர் சொச்சத்துக்குக் கிடைக்கும் நான்கு அங்குல பிளாஸ்டிக் மழைமானியை வாங்குங்கள். மிச்சக் காசில் நல்ல ஷவல் ஒன்று வாங்கிக்கொள்ளலாம், அதற்கும் வேலை இருக்கிறது.

நான் இருப்பது மாசசூசெட்ஸில், வூஸ்டரை ஒட்டிய ஷ்ரூஸ்பரியில். பாஸ்டனிலிருந்து மேற்கே வரவர நிலம் உயர்ந்துகொண்டே போகும். பாஸ்டனின் லோகன் விமான நிலையம் கடல் மட்டத்தில் இருக்கிறது, வூஸ்டர் விமான நிலையம் ஆயிரம் அடி உயரத்தில். குளிர்காலத்தின் கடைசியில் காற்று உறைநிலையை ஒட்டியே நிற்பதால், இருநூறு முந்நூறு அடி உயரம்கூடக் கணக்கை மாற்றிவிடும். 1997 மார்ச் 31 இரவு தொடங்கி ஏப்ரல் 1 வரை அடித்த புயலில் லோகனில் 25.4 அங்குலம், வூஸ்டரில் 33. 2023 மார்ச்சிலோ மாநிலத்தின் வடமேற்கு மலை ஊர்களில் மூன்றடி வரை பனி குவிந்தது, பாஸ்டன்காரர்கள் குடையோடு அலைந்தார்கள். நுங்கம்பாக்கத்தில் எவ்வளவு, மீனம்பாக்கத்தில் எவ்வளவு என்று நவம்பர் முழுக்கச் சண்டை போட்டு வளர்ந்தவனுக்கு இதைவிட நல்ல ஊர் கிடைக்குமா?

எங்கள் கோஷ்டி சின்னது. கடற்கரையோரம் குயின்சியில் ஒரு மதுரைக்காரர். வடக்கே வச்சூசெட் மலையடிவாரத்தில் பிரின்ஸ்டனில், ஆயிரம் அடிக்கு மேலே, ஓய்வு பெற்ற என் பழைய மேலாளர். அவர் அமெரிக்கர், பனியைப் பற்றிப் பேசினால் மட்டும் வாய் திறப்பவர். பக்கத்து ஊர் வெஸ்ட்பரோவில் என் கல்லூரித் தோழன். அப்புறம் நான். இந்த மார்ச் புயல் முடிந்ததும் வந்த கணக்கு இது: குயின்சி 4 அங்குலம், ஷ்ரூஸ்பரி 9.3, பிரின்ஸ்டன் 15.5, வெஸ்ட்பரோ 13. கடைசி எண்ணைப் பார்த்ததும் உங்களுக்கே புருவம் உயர்ந்திருக்கும். வெஸ்ட்பரோ எங்களைவிடத் தாழ்வான ஊர். பிறகு அந்தக் கதைக்கு வருகிறேன்.

முதலில் மின்னணு நிலையம் பற்றி. எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை, ஏனென்றால் சூடேற்றும் வசதி இல்லாத பெரும்பாலான மாடல்களுக்கும் இதே கதைதான். மேலே ஒரு புனல், அதற்கடியில் இரண்டு பக்கமும் சாயும் குட்டி வாளி. மழை விழுந்தால் வாளி நிரம்பிச் சாயும், ஒவ்வொரு சாய்வையும் கருவி எண்ணிக்கொள்ளும். மழைக்கு அருமை. பனி விழுந்தால் புனலின் வாயை அடைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடும். புயல் நடக்கும்போது போனில் சுழியம் காட்டும். இரண்டு நாள் கழித்து, வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லாத மத்தியானத்தில், "கனமழை பெய்கிறது" என்று எச்சரிக்கை அனுப்பும். காற்று, வெப்பநிலை பார்க்க அதை வைத்திருக்கிறேன். பனிக்கு அதை நம்புவது வீண்.

நான்கு அங்குல மானியில் பேட்டரி கிடையாது, வைஃபை கிடையாது. வெளியே நான்கு அங்குல விட்டமுள்ள தெளிவான பிளாஸ்டிக் உருளை, உள்ளே ஒல்லியான அளவுக் குழாய், மேலே புனல். புனல் வாயின் பரப்பு உள்குழாயின் பரப்பைப்போலப் பத்து மடங்கு. அதனால் பத்தில் ஓர் அங்குல மழை, குழாயில் ஓர் அங்குல உயரத்துக்கு நிற்கும். நூறில் ஒரு பங்கு அங்குலத்தைக்கூடக் கண்ணாலேயே படிக்கலாம். உள்குழாய் ஓர் அங்குல மழையோடு நிரம்பிவிடும். அதற்கு மேல் பெய்தது வெளி உருளையில் வழியும், மொத்தம் 11 அங்குலம் வரை தாங்கும்.

பனிக்காலத்தில் புனலையும் உள்குழாயையும் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட வேண்டும். மறந்துவிட்டால் குழாய்க்குள் தண்ணீர் உறைந்து விரிந்து பிளாஸ்டிக்கைப் பிளந்துவிடும். இந்தக் கருவியின் பெரிய பலவீனம் இதுதான். உள்குழாய் தனியாக விற்கிறார்கள் என்பதிலிருந்தே எத்தனை பேர் மறக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம். வெறும் வெளி உருளைக்குள் பனி விழும். காலையில் அதைத் தூக்கிக்கொண்டு வந்து உருக்க வேண்டும்.

உருக்குவதில்தான் இந்தப் பொருளின் அழகே இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உள்குழாயில் சரியாக 1.00 கோடு வரை வெந்நீர் எடுங்கள். குழாயில் வரும் வெந்நீரே போதும், கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பிளாஸ்டிக் கெட்டுப்போகும். அதை உருளைக்குள் இருக்கும் பனிமேல் ஊற்றிச் சுழற்றினால், ஈரப்பனி முதலில் சாம்பல் நிறமாகக் கலங்கி, பிறகு ஒரு பக்கம் சரிந்து, ஒரு நிமிடத்தில் காணாமல் போகும். கலவையைப் புனல் வழியாக உள்குழாயில் ஊற்றி அளங்கள். எனக்கு இந்த முறை குழாய் இரண்டு தடவை நிரம்பி, மூன்றாவது தடவை 0.34-இல் நின்றது. ஆக 2.34. நான் ஊற்றிய 1.00-ஐக் கழித்தால் 1.34 அங்குலத் தண்ணீர். "சமையலறையா, லேபா? காபி போடணும், நகருங்க" என்று வீட்டிலிருந்து குரல் வரும். வரட்டும்.

இப்போது மற்றவர்களின் தண்ணீர்க் கணக்கைப் பாருங்கள். பிரின்ஸ்டனில் 15.5 அங்குலப் பனியை உருக்கினால் 1.55. குயின்சியில் மழையும் பனியும் கலந்து 1.61. நான்கு அங்குலப் பனியோடு "எங்களுக்கு ஒண்ணுமே இல்லைப்பா" என்று புலம்பிக்கொண்டிருந்த மதுரைக்காரர்தான் எங்கள் மூவரில் அதிகத் தண்ணீர் பெற்றவர்! வானம் மூன்று ஊருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் கொட்டியிருக்கிறது. மலையடிவாரக் குளிரில் அது ஓர் அங்குலத் தண்ணீருக்குப் பத்து அங்குலப் பனியாக, அதாவது ஒன்றுக்குப் பத்தாக உப்பி நின்றது, எங்கள் ஊரில் ஒன்றுக்கு ஏழாக அமுங்கியது, கடற்கரையில் பாதி மழையாகவே ஓடிவிட்டது. வெறும் அடிக்கோலை நட்டுப் பார்ப்பவர்களுக்கு இது எதுவும் தெரியாது.

தண்ணீர்க் கணக்கால் இன்னொரு பலனும் உண்டு. ஒரு சதுர அடியில் ஓர் அங்குலத் தண்ணீரின் எடை 5.2 பவுண்டு. அறுநூறு சதுர அடி டிரைவ்வேயில் 1.34 அங்குலம் என்றால் நாலாயிரம் பவுண்டுக்கு மேல், கிட்டத்தட்ட 1,900 கிலோ. இங்கே இந்த மாதிரிப் பனியை ஹார்ட் அட்டாக் ஸ்னோ என்று சும்மா சொல்லவில்லை. ஜனவரியில் ஒன்றுக்கு இருபதாக விழும் பஞ்சுப் பனி இதே ஆழம் இருந்தால் எடை மூன்றில் ஒரு பங்குதான் வரும். ஷவலைத் தூக்குவதற்கு முன் மானியைப் பார்த்துவிட்டால், பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடலாமா வேண்டாமா என்று முடிவெடுத்துவிடலாம்.

மானியில் ஒரு குறை. காற்று பலமாக இருந்தால் பனி உருளைக்குள் விழாமல் மேலே பறந்துவிடும், அளவு குறைவாகக் காட்டும். ஈரப்பனியில் நேர்மாறான தொல்லை: விளிம்பில் ஒட்டிக் குல்லாய்போல மேலே வளர்ந்துவிடும். விளிம்போடு நேராகக் கத்தியை இறக்கி, உள்பக்கம் நிற்பதை உள்ளேயும் வெளிப்பக்கம் நிற்பதை வெளியேயும் தள்ள வேண்டும். சந்தேகமாக இருந்தால் வெளி உருளையைக் கவிழ்த்து, பனியின் ஆழம் அளக்க வெளியே வைத்திருக்கும் பலகைமேல் கிடக்கும் பனியில் பிஸ்கட் வெட்டுவதுபோல அழுத்தி, அடியில் ஒரு தகட்டைச் செருகித் தூக்கி, அதை உருக்குங்கள். நான் இந்த முறை இரண்டையும் செய்தேன், வித்தியாசம் பெரிதாக இல்லை.

பலகையும் இந்த வேலைக்கு அவசியம். அளவெடுக்கும் பலகை என்று தனியாக விற்பதை வாங்காதீர்கள், அது காசைக் கரியாக்கும் வேலை. மரக்கடையில் பதினாறு அல்லது இருபத்துநான்கு அங்குலச் சதுர பிளைவுட் துண்டு வாங்கி, வெள்ளை பெயின்ட் அடித்து, வீட்டுச் சுவரையும் வேலியையும் விட்டுத் தள்ளி வைத்தால் போதும். மூலையில் ஒரு கொடிக்குச்சி கட்டாயம். 2016 ஜனவரிப் புயலில் வாஷிங்டன் நேஷனல் விமான நிலையத்தில் பலகையே பனிக்குள் தொலைந்துபோனது. அங்கே பதிவானது 17.8 அங்குலம், அதே வாஷிங்டனின் இன்னொரு விமான நிலையமான டல்லஸில் (Dulles) 29.3. அந்த விவகாரம் ஊர் சிரித்த கதை. அதே புயலில் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் முதலில் 26.8 என்று அறிவித்து, பிறகு ஆராய்ந்து 27.5 என்று திருத்தினார்கள். 2006-இன் 26.9 சாதனை அந்தத் திருத்தத்தால்தான் உடைந்தது.

மார்ச்சில் பலகையைச் சீக்கிரம் அளக்க வேண்டும். மார்ச் நடுவில் இங்கே அடிக்கும் வெயில் செப்டம்பர் கடைசி வெயிலுக்குச் சமம். மேகம் கொஞ்சம் விலகினாலே பனி தானாக அமுங்க ஆரம்பித்துவிடும். பத்து மணிக்கு எழுந்து வந்து "எங்க ஊர்ல கம்மி" என்று சொல்லிப் பயனில்லை.

அளவுகோல் வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். அங்குலத்தைப் பத்தாகப் பிரித்த கோல் வேண்டும். பள்ளிக்கூடக் கோல்கள் பதினாறாகப் பிரித்தவை, உறைந்த விரலோடு மனக்கணக்குப் போட முடியாது. சுழியம் கோலின் முனையிலேயே தொடங்க வேண்டும். எனக்கு முதலில் வந்ததில் முனைக்கும் சுழியத்துக்கும் நடுவே கால் அங்குல வெற்றிடம். திருப்பி அனுப்பிவிட்டு எவர்சில்வர் கோல் வாங்கினேன்.

மானி வாங்கினால், தன்னார்வலர்கள் தங்கள் வீட்டு மழை, பனி அளவைப் பதியும் கோகோராஸ் (CoCoRaHS) வலையமைப்பில் சேர்ந்துவிடுங்கள், இலவசம்தான். 1997 ஜூலை 28 அன்று கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸில் பெருவெள்ளம் வந்து ஐந்து பேர் இறந்தார்கள். ஊரின் மேற்குப் பகுதியில் பத்து அங்குலத்துக்கு மேல் கொட்டியபோது, சில மைல் தள்ளிக் கிழக்கே அதில் ஒரு சிறு பங்குதான் பெய்தது. இதைப் பார்த்த வானிலையாளர் நோலன் டோஸ்கன், மறு ஆண்டு கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்தபடி இந்த வலையமைப்பைத் தொடங்கினார். இன்று கனடா வரை பரவியிருக்கிறது. எல்லாரும் ஒரே மாதிரி நான்கு அங்குல மானி, ஒரே மாதிரி முறை, காலை ஏழு மணி வாக்கில் பதிவு. மழையே இல்லாத நாளில் 0.00 என்று போடுவதும் அவர்களுக்கு முக்கியம். அதைச் செய்ய ஆரம்பித்த பிறகுதான் நம் தெருவின் எண் வரைபடத்தில் ஒரு புள்ளியாக நிற்பதன் சுகம் தெரிந்தது.

சரி, வெஸ்ட்பரோ. தோழனிடம் மானி இல்லை, பலகை இல்லை. மாடித் தளத்து மேசையில்தான் அளக்கிறான். "எத்தனை தடவை அளந்துட்டுப் பனியை வழிச்சே?" என்று கேட்டேன். "மணிக்கு ஒரு தடவைடா, துல்லியமா இருக்கணும்ல?" என்றான். மணிக்கொரு முறை வழித்துவிட்டால் பனி தன் எடையில் அமுங்க நேரமே இராது. புசுபுசுவென்று விழுந்ததையெல்லாம் கூட்டிக்கொண்டே போகலாம், நீளும். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் கூடாது என்பது விதி. 1997 ஜனவரியில் நியூயார்க் மாநிலத்தின் மாண்டகியூவில் 24 மணி நேரத்தில் 77 அங்குலம் என்று ஓர் அளவு வந்தது. ஏற்றிருந்தால் கொலராடோவின் சில்வர் லேக்கில் 1921-இல் பதிவான 75.8-ஐ முந்தி அமெரிக்கச் சாதனை ஆகியிருக்கும். ஆறு முறை அளந்து கூட்டியிருந்ததால் நிராகரித்துவிட்டார்கள். இதையெல்லாம் அவனுக்கு விளக்கமாகச் சொன்னேன். "அப்போ என்னோடது சாதனை மாதிரிதான்னு சொல்றே" என்றான். அவன் பிறந்தநாள் மே மாதம். மானி ஒன்று ஆர்டர் போட்டாயிற்று.