பழைய கட்டடமா, உயர்மாடிக் கோபுரமா: பராமரிப்புக் கணக்கு

சுண்ணாம்புக் காரையில் எழுந்த எங்கள் குடும்ப வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டக் கொடுப்பதா, பழுதுபார்த்து வைத்துக்கொள்வதா என்ற கேள்வி வந்தபோது நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தோம். ஆகவே இந்த அலசலில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

உயர்மாடிகளின் தரப்பு நியாயம் எளிது, பெரும்பாலும் சரியும்கூட. நகரம் வளர்கிறது, நிலம் வளர்வதில்லை. மரபைக் காக்கும் பெயரில் புதிய வீடுகளையே தடுத்தால் வாடகைதான் ஏறும்.

என் கணக்கில் தராசைச் சாய்த்தது பராமரிப்பு. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி மீண்டும் வெளியே விடும் இயல்புடையது என்பதால், காரை உதிர்ந்த இடத்தை மட்டும் கொத்திவிட்டு அதே கலவையால் பூசலாம். ஓர் உத்தரம் செல்லரித்தால் அந்த ஒன்றை மாற்றலாம். கையில் பணம் இருக்கும் ஆண்டில் ஓர் அறை, பிறகு இன்னோர் அறை என்று வேலையைப் பிரித்துக்கொள்ளலாம். அவசரத்துக்கு அதன்மேல் சிமெண்ட் பூசுவதுதான் கேடு: ஈரம் உள்ளே அடைபட்டு, உப்புப் பூத்து, செங்கல்லே பொடியாக உதிரும். சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனார் அரிதாகிவிட்டதும் மறைக்க முடியாத குறை.

கோபுரத்தில் செலவை இப்படித் துண்டுபோட முடியாது. லிஃப்ட், நீரேற்றும் மோட்டார், தீயணைப்புப் பம்பு ஆகிய எதை மாற்றினாலும் மொத்தமாகப் பணம் வேண்டும். அதற்கு வீட்டு உரிமையாளர் சங்கத்தில் இசைவு வேண்டும். லிஃப்டை மாற்றும் காலம் வரும்போது, தரைத்தளத்தில் இருப்பவர் தாம் ஏறாத லிஃப்டுக்கு ஏன் தர வேண்டும் என்று கேட்பார். வாடகைக்கு விட்டுவிட்டு வெளியூரில் இருக்கும் உரிமையாளர் பதிலே சொல்லமாட்டார். நான் குடியிருந்த அடுக்ககம் உயரம் குறைந்தது. ஐம்பது மாடியில் இது இன்னும் கடினம் என்பது என் ஊகமே.

ஆனால் பழைய கட்டடங்களைக் காக்கச் சொல்லும் தரப்பு ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்: ஊரே ரசிக்கும் கட்டடத்தின் செலவை உரிமையாளர் மட்டும் ஏன் சுமக்க வேண்டும்? நியூயார்க்கில் 1963இல் பழைய பென் ரயில் நிலையத்தை இடிக்கத் தொடங்கினார்கள்; எழுந்த கொதிப்பில் நகரம் 1965இல் மரபுக் கட்டடங்களைக் காக்கும் சட்டம் இயற்றியது. அதே நகரின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் மேல் கோபுரம் கட்ட அச்சட்டப்படி அனுமதி மறுக்கப்பட்ட வழக்கில், 1978இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நகரத்தின் பக்கம் நின்றது. நிலையத்தின் மேல் பயன்படுத்த முடியாத கட்டுமான உரிமையை அருகிலுள்ள மனைகளுக்கு மாற்றலாம் என்ற ஏற்பாடு அத்தீர்ப்பில் கணக்கில் கொள்ளப்பட்டது. பழையதைக் காப்பவருக்குக் கையில் ஏதாவது கிடைக்கும் இத்தகைய வழியையே நான் ஆதரிக்கிறேன்.

உயரத்துக்கு இடமே தராமல் இருக்கவும் வேண்டியதில்லை. பாரிஸில் 1973இல் திறக்கப்பட்ட சுமார் 210 மீட்டர் மோன்பர்நாஸ் கோபுரம் கடும் வெறுப்பைச் சம்பாதித்தது. 1977இல் நகருக்குள் 37 மீட்டர் வரம்பு வந்தது. கோபுரங்கள் மேற்கு எல்லைக்கு வெளியே லா டிஃபான்ஸில் திரண்டன. அங்கே போய்வரும் ரயில் வசதி இல்லாதிருந்தால் அந்தப் பிரிப்பு பலித்திருக்காது என்றே தோன்றுகிறது.

எங்கள் வீட்டில் அடித்தளம் உறுதியாக இருந்தது. கெட்டவை சில உத்தரங்களே. அடித்தளம் இறங்கிச் சுவர்கள் பிளந்திருந்தால், இதே கணக்கைப் போட்டு நானும் இடிக்கக் கொடுத்திருப்பேன்.