ஒரு பிரேமா, பன்னிரண்டு பிரேம்களா?

அனிமேஷன் படத்தின் ஓவியங்களையும் பிரேம்களையும் (திரையில் ஓடும் தனித்தனிப் படங்கள்) தொகுக்கும் கலைநூலை வடிவமைக்கும்போது முதலில் தீர்க்க வேண்டியது, அசைவைத் தாளில் எப்படி நிறுத்துவது என்பதுதான். ஒற்றை பிரேமை இரட்டைப் பக்கம் முழுக்க விரிக்கலாம். தொடர் பிரேம்களை அடுக்கலாம். பக்க ஓரத்தில், தாள்களை வேகமாகப் புரட்டினால் அசையும் புரட்டுப்படம் வைக்கலாம்.

பின்னணி ஓவியங்களுக்கு இரட்டைப் பக்கமே அழகு. திரையில் இரண்டு நொடியில் நழுவிய மேகத்தின் தூரிகைத் தடத்தை நிதானமாகப் பார்க்கலாம். ஆனால் 1920 பிக்சல் அகலமுள்ள பிரேமை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் அச்சிட்டால் சுமார் 16 செ.மீ.தான் வரும். விரித்த ஏ4 நூலின் அகலமோ 42 செ.மீ. மூல ஓவியமோ பெரிய கோப்போ கைக்கு வராவிட்டால் இந்த ஆசையை விட்டுவிடுவது நல்லது. நடுவில் முகம் இருந்தால் மூக்கு மடிப்புக்குள் போய்விடும்; பசைக்கட்டில் அதை மீட்கவே முடியாது, தையல்கட்டு ஓரளவு விரிந்து கொடுக்கும்.

என் மனம் தொடர் பிரேம்களின் பக்கம். சினிமா பிறக்கும் முன்பே, 1887இல், ஒளிப்படக் கலைஞர் எட்வர்ட் மைப்ரிட்ஜ் மனிதர், விலங்குகளின் அசைவுகளை 781 அச்சுப் படத்தாள்களில் இப்படித்தான் வரிசைப்படுத்தினார். நொடிக்கு 24 பிரேம் ஓடும் படத்தில் ஒரு சித்திரத்தை இரண்டு பிரேம்களுக்கு நிறுத்துவது அனிமேஷனில் பரவலான வழக்கம். ஆக, ஒரு நொடிக்குப் பன்னிரண்டு சித்திரம்: நான்கு பத்தி, மூன்று வரிசை, ஒரே பக்கம். படம் சிறிதாவதால் பிக்சல் பஞ்சமும் இல்லை. வீசும் கையை ரப்பர் போல இழுத்து வரைந்த இடைச் சித்திரத்தைத் திரையில் நாம் உணர்ந்திருப்போம், பார்த்திருக்க மாட்டோம். அதை வரைந்தவரின் துணிச்சல் இந்தப் பக்கத்தில்தான் தெரியவரும். கேமரா மெல்ல நகரும் காட்சிக்கு மட்டும் இது வேண்டாம். பன்னிரண்டும் ஒன்று போலவே இருக்கும்.

புரட்டுப்படத்துக்கு ஜான் பார்ன்ஸ் லின்னெட் 1868இலேயே காப்புரிமை பெற்றார். ஆனால் 200 பக்க நூலில் இருப்பவை 100 தாள்கள். நொடிக்குப் பன்னிரண்டு வீதம் எட்டு நொடி ஓடும். கனத்த கலைத்தாள் கட்டைவிரலுக்கு எளிதில் வளைந்து கொடுக்காது. தனிச் சிறு ஏடாக்கிப் பின்னட்டைப் பையில் செருகுவதே மேல்.

தாளில், பூச்சில்லாதது மையை உறிஞ்சி இருளை ஒரே கறையாக்கும்; பளபளப்பானது அதே இருளில் விளக்கைப் பிரதிபலிக்கும். நான் பளபளக்காத மேட் பூச்சையே தேர்வேன். அதிலும் சோதனை அச்சுக்கு முதலில் அனுப்புவது படத்தின் மிக இருண்ட காட்சியைத்தான்.