அந்த டிக் பெட்டிகளோடு பத்து ஆண்டுகள்

ஆய்வேடு தொடங்கியிருக்கும் தோழி நேற்று கேட்டாள்: "முதியோர் தூக்கமின்மை பற்றித் தேடினால் ஆயிரக்கணக்கில் வந்து விழுகிறது. இடப்பக்கம் இருக்கிற ஃபில்டர்களை எல்லாம் டிக் செய்துவிடட்டுமா?" வேண்டவே வேண்டாம் என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பத்து ஆண்டாக நூலகத் தரவுத்தளங்களில் தேடுகிறேன், எனக்கு அந்த வரிசையோடு பழைய கணக்கு ஒன்று இருக்கிறது.

'முழு உரை மட்டும்' என்ற பெட்டிதான் அது. முதுகலைப் படிப்பின்போது, நூலகம் சந்தா கட்டிய ஒரு தளத்தில் அதை டிக் செய்துவிட்டு ஒரு மாதம் தேடினேன். என் தலைப்புக்கே அடிப்படையான கட்டுரை கண்ணில் படவில்லை. அந்தத் தளத்தில் அதன் சுருக்கம் மட்டும் இருந்தது. முழுக் கட்டுரையோ அதே நூலகம் வாங்கும் இன்னொரு தளத்தில் கிடந்தது. 'இந்தத் தளத்திலேயே முழுதாக இருப்பதை மட்டும் காட்டு' என்பதுதான் அந்த டிக்கின் பொருள் என்று அங்கே ஒரு வரிகூட இல்லை. போதாததற்கு, ஒருமுறை வைத்த டிக் அடுத்தடுத்த தேடல்களிலும் ஒட்டிக்கொண்டே வந்தது. வழிகாட்டிப் பேராசிரியர் "அதை ஏன் சேர்க்கவில்லை?" என்று கேட்ட பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது.

பியர் ரிவ்யூ, அதாவது துறை வல்லுநர்கள் சரிபார்த்ததை மட்டும் காட்டு என்கிற பெட்டி, பரவாயில்லை. பெரும்பாலும் அது ஆய்விதழைத்தான் பார்க்கிறது, கட்டுரையை அல்ல. அதனால் தலையங்கமும் நூல் மதிப்புரையும் உள்ளே வந்துவிடும். வந்ததைக் கண்ணால் பார்த்துக் கழித்துவிடலாம். சத்தமில்லாமல் வெளியே போனதை என்ன செய்வது?

வயது, மனிதர், விலங்கு போன்ற ஃபில்டர்களிலும் அதே பயம்தான். மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் இவை, பதிவுகளில் ஒட்டப்படும் மெஷ் என்ற பொருள் தலைப்புகளை நம்பித்தான் வேலை செய்கின்றன. அந்தத் தலைப்பு ஒட்டப்படாத முன்வெளியீடு போன்ற பதிவுகள், டிக் செய்ததும் பட்டியலிலிருந்து போய்விடும்.

ஆனால் அதே மெஷ்தான் இத்தனை ஆண்டில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷமும். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 1960 முதல் பேணிவரும் பொருள் தலைப்புப் பட்டியல் அது. தூக்கமின்மைக்கு, அதாவது இன்சோம்னியாவுக்கு, அதில் என்ன பெயர் தெரியுமா? 'ஸ்லீப் இனிஷியேஷன் அண்ட் மெயின்டெனன்ஸ் டிஸ்ஆர்டர்ஸ்'. இதை யாராவது யோசித்துத் தட்டச்சு செய்வார்களா? நாம் இன்சோம்னியா என்று அடித்தாலே பப்மெட் இந்தத் தலைப்பையும் சேர்த்துத் தேடிவிடும். சொல்லை மேற்கோள் குறிக்குள் போட்டால் மட்டும் அந்த உதவி நின்றுவிடும். கட்டுரையாசிரியர் எந்தச் சொல்லைப் போட்டிருந்தாலும் ஒரே தலைப்பின் கீழ் எல்லாம் வந்து சேர்வதை முதன்முதலில் பார்த்த நாள் இன்னும் நினைவில் இருக்கிறது.

அப்போதிலிருந்து என் வழி இதுதான். நன்றாகப் பொருந்தும் ஒரு கட்டுரையைப் பிடிப்பேன். அதன் பதிவில் உள்ள பொருள் தலைப்புகளை எடுத்து, ஒரே கருத்துக்கான சொற்களை 'ஆர்' (இது அல்லது அது) போட்டும் வேறு வேறு கருத்துகளை 'ஆண்ட்' (இதுவும் அதுவும்) போட்டும் கோர்ப்பேன். 'நாட்' (இது வேண்டாம்) பக்கம் போவதில்லை. குழந்தைகள் வேண்டாம் என்று சொன்னால், குழந்தைகளையும் முதியோரையும் சேர்த்து ஆராய்ந்த கட்டுரையும் போய்விடும்.

நியாயமாகப் பார்த்தால் ஃபில்டர்கள் நேரத்தை மிச்சப்படுத்துகின்றன, மறுக்கவில்லை. ஆனால் இன்று என்னைக் கேட்டால் அந்த வரிசையையே எடுத்துவிடச் சொல்வேன். தோழிக்கு ஆண்டு ஃபில்டரை மட்டும் அனுமதித்திருக்கிறேன். அதுவும் கடைசியில்.