நடிக்கிறாள் என்று நினைத்தேன் (5க்கு 4)

டயட்டீஷியனைப் பார்க்க கோபியிலிருந்து விடியக்காலை பஸ் பிடித்து கோயமுத்தூர் போனோம். 10 மணி டோக்கன், உள்ளே கூப்பிட்டது பன்னிரண்டேகாலுக்கு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் மகளுக்கு வயது 19. அனோரெக்சியா (எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போகும் மனநோய்) என்று சொன்ன மனநல டாக்டர்தான் இந்த கோயமுத்தூர் டயட்டீஷியனிடம் அனுப்பினார். வீட்டில் தினமும் சண்டை. அரிசிம்பருப்பு சாதம் நாலு வாய் போனதும் "வயிறு கல்லு மாதிரி இருக்கும்மா" என்பாள், சும்மா நடிக்கிறாள் என்று நான் இன்னொரு கரண்டி நெய் ஊற்றுவேன்.

"நடிப்பெல்லாம் இல்லீங்க, நெசமாவே அப்படித்தான் இருக்கும்" என்றார் டயட்டீஷியன். மாசக்கணக்கில் பட்டினி கிடந்த வயிறு சோற்றைக் குடலுக்குத் தள்ளுவதே மெதுவாகிவிடுமாம், அதனால்தான் உப்புசம், நாலு வாயிலேயே நிறைந்துபோன உணர்வு. மருந்தைவிட, நேரம் தவறாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டு வந்தால்தான் அது பழைய நிலைக்குத் திரும்பும் என்று, எங்கள் வீட்டுச் சந்தகை, ராகிக்களியை வைத்தே அட்டவணை போட்டுக் கொடுத்தார்.

நெய்க்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ரொம்ப மெலிந்த உடம்புக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் இன்சுலின் ஏறி, ரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம் என்ற உப்புச்சத்துகள் செல்லுக்குள் போய்விடும், இதயத் துடிப்பே தடுமாறி உயிருக்கு ஆபத்தாகலாம் என்றார். முதல் சில வாரம் டாக்டர் அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்தது எதற்கென்று அப்போதுதான் புரிந்தது.

இவள் சாப்பிடாமல் நாள் முழுக்கச் சமையல் வீடியோ பார்ப்பதையும் கேட்டேன். 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 36 ஆண்கள் ஆராய்ச்சிக்காக ஆறு மாதம் அரைவயிறாக இருந்தபோது, அவர்களும் சமையல் புத்தகமும் கையுமாகத்தான் திரிந்தார்களாம். பட்டினி கிடக்கும் மூளை சாப்பாட்டையேதான் நினைக்கும். நான் அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பயந்திருந்தேன்.

அப்புறம் மார்கழிக் குளிரில் ஒரு ராத்திரி போர்வையை உதறிவிட்டு வேர்த்துக் கிடந்தாள். போன் செய்தேன். எடை ஏறத் தொடங்கும்போது உடம்பு சாப்பாட்டை எரிக்கும் வேகம் கூடும், இப்படி வேர்ப்பதுண்டு, காய்ச்சல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பொறுமையாகச் சொன்னார். இதற்குத் தனியாக ஃபீஸ் இல்லை.

ஒரு ஸ்டார் குறைத்தது எடை மெஷினுக்காக. எல்லோரும் உட்கார்ந்திருக்கும் ஹாலில் அதை வைத்து, ஏறி நின்றதும் ரிசப்ஷன் பொண்ணு நம்பரைச் சத்தமாகச் சொல்கிறது! இந்த நோய்க்காரப் பிள்ளைகள் வருகிற இடத்தில் இப்படியா? அன்றைக்கு மதியம் இவள் ஒரு வாய் தொடவில்லை. எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன், போன வாரம் போனபோதும் மெஷின் ஹாலில்தான் இருந்தது.