28 வெள்ளி விலையில் ஒரு பித்தளைச் சைக்கிள் மணி: நடப்பவர் காதில் எப்படி ஒலிக்கிறது?

சைக்கிள் மணியைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஓட்டுபவரின் பக்கத்திலிருந்தே எழுதுகிறார்கள். சத்தம் போதுமா, கைப்பிடியில் பார்க்க அழகாக இருக்கிறதா, மழையில் துருப்பிடிக்குமா என்பதோடு முடிந்துவிடும். நான் இந்த மணியை வாங்கியது என் அம்மாவை மனத்தில் வைத்து. அம்மா சைக்கிள் ஓட்டுவதில்லை. வயது 79, கையில் ஊன்றுகோல். சிங்கப்பூரின் தெம்பனிஸில் எங்கள் அடுக்குமாடி புளோக்கிலிருந்து ஈரச்சந்தைக்கும், அங்கிருந்து உணவங்காடிக்கும் தினமும் நடந்தே போய் வருகிறார். பின்னாலிருந்து சத்தமில்லாமல் வரும் சைக்கிள்தான் அவருக்குப் பெரிய பயம். நானோ காலையில் எம்ஆர்டி ரயில் நிலையம்வரை சைக்கிளில் போகிறவள். எனக்கு முன்னால் நடந்துபோகும் யாரோ ஒருவரின் அம்மாவை மிரள வைக்காமல் எப்படிக் கடந்து போவது என்ற கேள்வியோடுதான் கடைக்குப் போனேன்.

முதலில் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் செய்த பித்தளை மணி. குமிழ் போன்ற மேல்மூடி, பக்கத்தில் சுருள்கம்பியில் ஒரு சின்னச் சுத்தியல். விரலால் இழுத்து விட்டால் ஒரே ஒரு தடவை அடிக்கும். உள்ளே பல்சக்கரம் எதுவும் இல்லை. அதனால் பழைய மணிகளில் துருப்பிடித்து மாட்டிக்கொள்ளும் தொல்லை இதில் கிடையாது. கடையில் சிறியது, பெரியது என்று இரண்டு அளவு இருந்தன. பெரியதை எடுத்தேன், 28 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). சாதாரண மணி இதில் கால் பங்கு விலைக்குக் கிடைக்கும் என்பது உண்மைதான். நம் ஊர் ஈரக்காற்றில் சில மாதங்களிலேயே பளபளப்பு மங்கிவிட்டது, ஒலி மட்டும் மாறவில்லை.

பெரியதை எடுத்ததற்குக் காரணம் உண்டு. வயதாகும்போது காது முதலில் இழப்பது கீச்சென்ற உச்ச ஒலிகளைக் கேட்கும் திறனை. மூடி பெரிதாக இருந்தால் ஒலி கொஞ்சம் தாழ்ந்து, கனமாக வரும். என் பழைய மணியின் 'கிணிங்' அம்மாவுக்குப் பக்கத்தில் வந்தால்தான் கேட்டது. இந்த மணியை நல்ல தூரத்திலேயே கேட்டுவிட்டார். "எங்கேயோ கோயில் மணி மாதிரி கேக்குது" என்றார். ஒலி அடங்கவும் நேரம் எடுக்கிறது. அடித்து முடித்த பிறகும் சில விநாடிகள் காற்றில் நிற்கிறது. மணி என்ற அளவில் இது நல்ல மணி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அம்மாவை முன்னால் நடக்கவிட்டு, நான் பின்னால் வந்து அடித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. மணி கேட்டதும் அவர் திரும்பிப் பார்க்கிறார். வலது தோள்பக்கம் திரும்பும்போது உடலும் வலது பக்கமே சாய்கிறது, ஒரு அடி அந்தப் பக்கம் விழுகிறது. நான் கடந்துபோக நினைத்ததும் அதே வலது பக்கம். எங்கிருந்து சத்தம் வருகிறது என்பதும் அவருக்குச் சரியாகப் பிடிபடுவதில்லை. "மணி அடிச்சா 'ஒதுங்கு'ன்னுதான் எனக்குக் கேக்குது. எந்தப் பக்கம் ஒதுங்கறதுன்னு தெரியாம தடுமாறிப் போறேன்" என்றார். அதற்குப் பிறகு மற்றவர்களையும் கவனிக்க ஆரம்பித்தேன். சேர்ந்து நடக்கும் இருவர் மணி கேட்டதும் ஆளுக்கொரு பக்கம் பிரிவார்கள், பிறகு ஒருவர் மனம் மாறி மற்றவர் பக்கம் ஓடி வருவார். குழந்தை எப்போதும் அம்மாவை நோக்கியே ஓடும், நடுவில் சைக்கிள் வந்தாலும். காதில் இயர்போன் மாட்டிப் பாட்டுக் கேட்பவர் அசையவே மாட்டார்.

இதையெல்லாம் ஜப்பான்காரர்கள் யோசித்திருக்கிறார்கள். இந்த மணி செய்யப்பட்ட நாட்டிலேயே, நடைபாதையில் போகிறவரை விலகச் சொல்லி மணி அடிக்கக் கூடாது. ஆபத்தைத் தவிர்க்க வேறு வழியில்லாதபோதும், அடிக்கச் சொல்லிப் பலகை வைத்திருக்கும் இடங்களிலும்தான் மணியை அடிக்கலாம் என்று அங்குள்ள சாலைச் சட்டம் சொல்கிறது. சைக்கிள் சாலையில்தான் போக வேண்டும் என்பது அங்கே பொது விதி. பலகை அனுமதிக்கும் நடைபாதைகளிலும், 13 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும் 70 வயதைத் தொட்டவர்களுக்கும் விலக்கு உண்டு. அவர்களும் உடனே நிற்கக்கூடிய மெதுவான வேகத்தில் போக வேண்டும், நடப்பவருக்கு இடைஞ்சலாகும் என்றால் நின்றுவிட வேண்டும். அதாவது பின்னால் வருகிறவர்தான் காத்திருக்க வேண்டும். எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது. மணியை வாங்கி வந்தபோதே இந்த ஒரு வரியையும் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்திருக்கலாம் என்று தோன்றியது.

வேகத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். அம்மா போன்றவர் மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பார். நான் 10 கிலோமீட்டரில் வந்து, 5 மீட்டர் பின்னாலிருந்து மணி அடித்தால் அவரை எட்ட எனக்கு இரண்டரை விநாடி ஆகும். 20 கிலோமீட்டரில் வந்தால் ஒரு விநாடிதான். ஒரு விநாடிக்குள் அவர் சத்தத்தைக் கேட்டு, அது தனக்குத்தான் என்று புரிந்து, திரும்பி, எந்தப் பக்கம் என்று முடிவெடுத்து, ஊன்றுகோலைத் தூக்கி வைத்து நகர வேண்டும். முடியாது. 28 வெள்ளி கொடுத்தாலும் 280 வெள்ளி கொடுத்தாலும் எந்த மணியும் அந்த இன்னொரு விநாடியை வாங்கித் தராது. வேகம் இரண்டு மடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்கு என்பதும் இதோடு சேர்கிறது.

எங்கள் புளோக்கில் ஒரு மலாய் மூதாட்டி இருக்கிறார். பக்கத்து மாடி. பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் நடந்துபோனபோது, பின்னாலிருந்து ஒருவர் படபடவென்று மணியை அடித்துக்கொண்டே வந்திருக்கிறார். சைக்கிள் அவரைத் தொடவே இல்லை. பதறி விலகியதில் பக்கவாட்டில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஓட்டியவர் திரும்பிப் பார்க்காமலேயே போய்விட்டார், அவருக்குத் தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை. எலும்பு மெலிந்த வயதில் பக்கவாட்டில் விழுந்தால் அடி நேராக இடுப்பில் இறங்குகிறது. அந்த முறிவுக்குப் பிறகு பழையபடி நடக்க முடியாமல் போகிறவர்கள் ஏராளம். அவரும் இப்போது நடக்க உதவும் சட்டகத்தைப் பிடித்துக்கொண்டு மின்தூக்கி வரைதான் வருகிறார். மோதல் நடக்காததால் இது எந்த விபத்துக் கணக்கிலும் ஏறியிருக்காது. இப்படி மிரண்டு விழுந்தவர்களையும், விழுவோமோ என்று பயந்து வெளியே வருவதையே நிறுத்திவிட்டவர்களையும் சேர்த்தால்தான் நடைபாதைச் சைக்கிளின் ஆபத்து எவ்வளவு என்று தெரியும்.

மோதினால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானின் கோபே வழக்கு ஒன்றே போதும். 2008இல் 11 வயதுப் பையன் ஒருவன் இரவில் இறக்கத்தில் சைக்கிளில் வேகமாக வந்து, நடந்துபோன அறுபது வயதைத் தாண்டிய பெண்மணி ஒருவர்மீது மோதினான். அவர் நினைவு திரும்பாமலே கிடந்தார். 2013இல் கோபே மாவட்ட நீதிமன்றம், பையனின் தாய் சுமார் 9 கோடியே 50 லட்சம் யென் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கோபே இருக்கும் ஹியோகோ வட்டாரம் 2015இல் சைக்கிள் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. பந்தயக்காரர் யாரும் இல்லை, பள்ளிக்கூடப் பிள்ளைதான் ஓட்டியது.

சிங்கப்பூரில் நடைபாதையில் சைக்கிள் ஓட்டச் சட்டமே அனுமதிக்கிறது. மற்ற ஊர்களில் இருப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1835ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று நடைபாதையில் வண்டி ஓட்டுவதை இன்றுவரை தடுக்கிறது. இங்கே எங்கள் தெம்பனிஸ்தான் 2010இல் நடைபாதையில் சைக்கிளை முதலில் அனுமதித்த நகரம். அப்புறம் 2018 மே மாதம் நடப்புக்கு வந்த சட்டத்தால் தீவு முழுவதும் அதே நிலை. வேக வரம்பு முதலில் 15 கிலோமீட்டராக இருந்தது, 2019 பிப்ரவரியில் 10 ஆகக் குறைக்கப்பட்டது. அதே ஆண்டு பிடோக் வட்டாரத்தில், நின்றபடி ஓட்டும் மின்ஸ்கூட்டரோடு மோதி, சைக்கிளில் போன 65 வயதுப் பெண்மணி ஒருவர் இறந்தார். நவம்பர் 5 முதல் நடைபாதைகளில் மின்ஸ்கூட்டருக்குத் தடை வந்தது. 2025 ஜூலை 1 முதல் இன்னொரு நல்ல மாற்றம்: சிவப்புச் சைக்கிள் பாதைக்குப் பக்கத்திலேயே இருக்கும் நடைபாதை நடப்பவர்களுக்கு மட்டும். மீறினால் 2,000 வெள்ளி வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை.

இந்த மாற்றத்தை நான் மனதார வரவேற்கிறேன். சிவப்புப் பாதை இருக்கும் இடங்களில் அம்மா இப்போது தைரியமாக நடக்கிறார். ஆனால் சிக்கலே சிவப்புப் பாதை இல்லாத இடங்களில்தான் இருக்கிறது. கூரை போட்ட நடைபாதைகளில் தூண்கள் பார்வையை மறைக்கும். புளோக்கின் கீழ்த்தளத்திலிருந்து ஆள் வெளியே வரும் மூலையில் எதிரே வருவது தெரியாது. பேருந்து நிறுத்தத்தில் இறங்குகிறவர் ஒரு காலை நடைபாதையில் வைக்கும்போதே பின்னால் சைக்கிள் வந்துவிடும். பள்ளி வாசலைச் சொல்லவே வேண்டாம். இந்த இடங்களில் மணி அடித்துக்கொண்டே போவதில் எந்தப் பயனும் இல்லை. மூலைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குச் சத்தம் கேட்கும், ஆள் எங்கே என்று தெரியாது. இறங்கித் தள்ளிக்கொண்டு போவதுதான் சரி. எனக்கு அதனால் தாமதமாவது ஒன்றிரண்டு நிமிடம்தான்.

சைக்கிள்காரர்கள் ஏன் நடைபாதைக்கு வருகிறார்கள் என்பதையும் நான் அறிவேன். லாரியும் பேருந்தும் உரசிக்கொண்டு போகும் சாலையில் என் மகனை நான் ஓட்டவிட மாட்டேன். உணவு கொண்டுபோகிறவருக்கு ஒவ்வொரு நிமிடமும் காசு. அவர்களுடைய பயமும் நெருக்கடியும் உண்மையானவை. ஆனால் லாரிக்குப் பயந்து நான் நடைபாதைக்கு ஏறினால், அங்கே நடப்பவருக்கு லாரி நான்தான். அவருக்கு ஏறி ஒதுங்க அதற்கு மேல் ஒரு பாதை கிடையாது. பார்வையில்லாத ஒருவர் வெள்ளைக் கோலோடு தரையில் பதித்த வழிகாட்டிக் கற்களைத் தடவிக்கொண்டு வரும்போது, அவருக்கு இருப்பது காது மட்டும். சத்தமே இல்லாத சைக்கிள் அவருக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்வரை இல்லாததற்குச் சமம்.

சரி, இந்த மணியை எப்படிப் பயன்படுத்துகிறேன் என்று சொல்கிறேன். நல்ல தூரத்தில் ஒரே ஒரு தடவை, மெதுவாக. இந்தச் சுத்தியலை மென்மையாக விட்டால் மென்மையாகவே அடிக்கும், அந்த வசதி கட்டைவிரலால் தள்ளி அடிக்கும் பழைய மணிகளில் இல்லை. அடித்த உடனே வேகத்தை நடையளவுக்குக் குறைத்துவிடுவேன். அவர் திரும்பிப் பார்த்தால் "ஆன்ட்டி, வலது பக்கமா வர்றேன்" என்று அவருக்குப் புரியும் மொழியில் சொல்லிவிட்டு, அவர் நின்ற பிறகு கடப்பேன். திரும்பவில்லை என்றால் இரண்டாம் தடவை அடிப்பதில்லை. கேட்கவில்லை என்று எடுத்துக்கொண்டு பின்னாலேயே மெதுவாகப் போவேன், இடம் அகலமானால் கடப்பேன், இல்லையென்றால் இறங்கிவிடுவேன். அம்மாவிடம் கேட்டபோது மணியைவிட வாயால் சொல்வதுதான் பிடித்திருக்கிறது என்றார். மனிதக் குரல் என்றால் கோபமா, மரியாதையா என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறதாம்.

அதே கடையில் மின்கலத்தில் ஓடும் ஹாரன் ஒன்றும் விற்கிறார்கள். காரின் ஹாரனுக்கு இணையான சத்தம். சாலையில் லாரிக்காரர் காதில் விழ அது உதவலாம். நடைபாதையில் ஓட்டுகிறவர்கள் தயவுசெய்து அதை வாங்காதீர்கள். ஊன்றுகோல் பிடித்தவருக்குப் பின்னால் அதை அழுத்துவது அவரைக் கையால் தள்ளிவிடுவதற்குச் சமம்.

குறை என்று பார்த்தால் இரண்டு. மணியை மாட்டும் பட்டை என் மகனுடைய சைக்கிளின் தடித்த கைப்பிடிக்குப் பொருந்தவில்லை, வாங்கும் முன் அளந்துகொள்ளுங்கள். மேடுபள்ளத்தில் போகும்போது சுத்தியல் தானாகவே ஆடி லேசாக ஒலிக்கிறது. ஓட்டுபவர் சிலருக்கு அது எரிச்சலாக இருக்கும். எனக்கு அது வரம்தான், நான் வருவது முன்னால் போகிறவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துவிடுகிறது, யாரும் திடுக்கிடுவதில்லை.

மதிப்பெண்: ஐந்துக்கு நான்கு. வாங்குவதானால் பெரிய அளவை வாங்குங்கள். அதோடு கடைக்காரரிடம் பிரேக் கட்டைகளையும் பார்க்கச் சொல்லுங்கள். தேய்ந்திருந்தால் மணிக்கு முன்னால் அவற்றை மாற்றுங்கள், மணியை அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம். மாட்டும்போது பிரேக் பிடியிலிருந்து விரல்களை எடுக்காமல் கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில் மாட்டச் சொல்லுங்கள்.