ஈரம் உறிஞ்சும் டப்பா: அலமாரிக்கு ஆகும், சுவருக்கு ஆகாது

பாலாற்றைத் தண்ணீர் இல்லாத ஆறு என்று கேலி பேசிப் பழகிய ஊர் இது. ஆனால், வேலூர் சத்துவாச்சாரியில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் தரைத்தள வீட்டின் சுவருக்குள் ஐப்பசி முதல் மார்கழி வரை தண்ணீருக்குப் பஞ்சம் இருப்பதில்லை. படுக்கையறையின் வடக்குச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறி, உப்புப் பூத்து, பெயின்ட் பொரிந்து உதிர்கிறது. அந்தச் சுவரிலேயே உள்ள அலமாரியில் மடித்து வைத்திருந்த ஆரணிப் பட்டின் ஓரத்திலும், ஆம்பூரில் வாங்கிய தோல் செருப்பின் மேலும் சாம்பல் நிறப் பூசணம் படர்ந்ததைக் கண்ட பிறகுதான், கால்சியம் குளோரைடு நிரப்பிய ஈரம் உறிஞ்சும் டப்பாக்களை வாங்கினேன். மூன்று டப்பாக்கள் 450 ரூபாய். ஒவ்வொன்றும் 600 மில்லிலிட்டர் நீர் பிடிக்கும் என்று அட்டையில் அச்சிட்டிருந்தார்கள்.

மேல் தட்டில் வெள்ளை உப்புக் கட்டிகள், கீழே காலித் தொட்டி, அவ்வளவுதான் அமைப்பு. காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும் உப்பு, அந்த ஈரத்திலேயே கரைந்து சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்குகிறது. இத்தனை காலம் அலமாரியில் நாங்கள் போட்டு வைத்த பாச்சை உருண்டை பூச்சியை விரட்டுமே தவிர, ஈரத்தை ஒன்றும் செய்யாது.

சிறிய ஈரப்பதமானி ஒன்றை வைத்து அளந்து பார்த்தேன். கதவு மூடிய அலமாரிக்குள் 82 சதவீதமாக இருந்த ஈரப்பதம் ஒரு வாரத்தில் 61க்கு இறங்கியது. 70 சதவீதத்துக்கு மேல் நீடிக்கும் ஈரப்பதம்தான் பூசணத்துக்கு வசதி என்பதால், இது நல்ல பலன் என்றே சொல்வேன். துடைத்து வைத்த செருப்பில் மறுபடி பூசணம் வரவில்லை. ஆனால் கட்டிலுக்கு அடியில் வைத்த மற்ற இரண்டு டப்பாக்களும் நிரம்பினவே ஒழிய, அறையின் ஈரப்பதம் 79லிருந்து அசையவில்லை. ஜன்னல் வழியாக மழைக்காற்றும் சுவர் வழியாக மண்ணின் ஈரமும் ஓயாமல் வந்துகொண்டிருக்கும் அறையில், ஒரு டம்ளர் உப்பு என்ன செய்துவிடும்?

அட்டையில் "பூசணத்தைப் போக்கும்" என்று போட்டிருப்பது மிகை. படிந்த பூசணத்தைச் சோப்பு நீரில் நனைத்த துணியால் நாம்தான் துடைக்க வேண்டும். உலர்ந்த துடைப்பத்தால் தட்டினால் அது அறை முழுவதும் பறக்கும். பிளீச்சிங் பவுடரோடு கழிவறை ஆசிட்டைக் கலந்து ஊற்றுவோரும் இருக்கிறார்கள். அதிலிருந்து கிளம்புவது குளோரின் வாயு என்பதால் அதை யாரும் செய்ய வேண்டாம்.

பொருளின் பெரிய குறை, தேங்கும் நீர். அது வெறும் தண்ணீர் அல்ல, கெட்டியான உப்புக் கரைசல். கட்டிலடியில் இருந்த டப்பாவைத் துடைப்பம் தட்டிக் கவிழ்த்ததில், பக்கத்திலிருந்த இரும்பு பீரோவின் கால் சில நாட்களில் துருவேறிவிட்டது. தோல் பொருளின் மேல் சிந்தினால் தோலும் கெடும் என்பதால், ஒரு பிளாஸ்டிக் தட்டில் வைத்து, குழந்தைகளுக்கு எட்டாத மூலையில்தான் வைக்க வேண்டும். சிலிக்கா ஜெல்லைப் போல் சூடாக்கி மறுபடி பயன்படுத்தவும் வழியில்லை. எங்கள் அலமாரி டப்பா 24 நாளில் நிரம்பியது, அதோடு அதன் கதை முடிந்தது.

சுவர் விஷயத்தில் எனக்குப் பயன்பட்டது ஒரு முழ பாலிதீன் தாள். அதை நான்கு பக்கமும் டேப் ஒட்டிச் சுவரில் இரண்டு நாள் விட்டேன். அறைக் காற்றின் ஈரமாக இருந்தால் தாளின் வெளிப்பக்கம் நனையும். எங்கள் வீட்டில் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. "வேலூருல ஏது சார் ஓதம், ரெண்டு நாள் வெயில் அடிச்சா தானா காஞ்சிப்பூடும்" என்று புரட்டாசியில் பட்டி பார்த்து எமல்ஷன் அடித்துக் கொடுத்த வீட்டுக்காரர், அந்தத் தாளைப் பார்த்த பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்டார். கட்டடப் பழுதும் வெள்ளையடிப்பும் உரிமையாளர் பொறுப்பு என்று தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் வகுத்திருப்பதையும் பணிவாகவே எடுத்துச் சொன்னேன். தை பிறந்து சுவர் காய்ந்ததும் பூச்சைக் கொத்திவிட்டுப் புதிதாகப் பூசித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை அலமாரிக்கு மாதம் ஒரு டப்பா வாங்குவேன். அறைக்கென்று இனி ஒன்றுகூட வாங்க மாட்டேன்.