பகட்டைப் பகடி செய்ய மூன்று வழிகள்: தாக்கரே, எல்லிஸ், லூயிஸ்

பகட்டையும் பொருள்மோகத்தையும் நையாண்டி செய்ய முற்படும் நாவலாசிரியர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, கதைசொல்லியை எங்கே நிறுத்துவது என்பதைத்தான். கதைசொல்லி வெளியே நின்று சிரிக்கலாம்; பகட்டுக்காரனே தன் கதையைச் சொல்லலாம்; இரண்டுக்கும் நடுவே, பாத்திரத்தை ஒட்டியே நடந்துவந்து அதன் பெருமிதத்தை அப்படியே எடுத்துரைக்கலாம்.

முதல் வழிக்குச் சரியான எடுத்துக்காட்டு, 1847-48 ஆண்டுகளில் மாதத் தவணைகளாக வெளிவந்த, ஆங்கில நாவலாசிரியர் வில்லியம் தாக்கரேயின் 'வேனிட்டி ஃபேர்'. பாத்திரங்களைப் பொம்மைகளாகவும் தன்னை அவற்றை ஆட்டுவிப்பவனாகவும் முன்னுரையிலேயே காட்டிவிடும் இந்தக் கதைசொல்லி, வருமானமே இல்லாமல் சுகமாக வாழ்வது எப்படி என்று ஓர் அத்தியாயத்துக்குக் குறும்பாகத் தலைப்பிடுகிறான். பெக்கி ஷார்ப்பும் அவள் கணவனும் கடனிலேயே மினுக்கித் திரிய, அவர்களுக்கு வீட்டை வாடகைக்கு விட்ட முன்னாள் பணியாளர் ராகிள்ஸ் கடனாளியாகிச் சிறைக்குப் போகிறார். ஒருவரின் ஆடம்பரத்துக்கு வேறொருவர் விலை கொடுப்பதை இவ்வளவு தெளிவாகக் காட்ட வெளியே நிற்பவனால்தான் முடியும். ஆனால், வாசகருக்கும் அவன் பக்கத்திலேயே ஓர் இருக்கை கிடைத்துவிடுகிறது; அங்கிருந்து பிறரைப் பார்த்துச் சிரிப்பது மிகவும் வசதியானது.

1991இல் வெளிவந்த பிரெட் ஈஸ்டன் எல்லிஸின் 'அமெரிக்கன் சைக்கோ' இதற்கு நேர் எதிர்த் துருவம். இங்கே கதையைச் சொல்பவனே பகட்டுக்காரன்: 1980களின் நியூயார்க் நிதியுலகைச் சேர்ந்த பேட்ரிக் பேட்மேன், எதிரே இருப்பவர் அணிந்திருக்கும் ஒவ்வொன்றும் எந்த நிறுவனத் தயாரிப்பு என்று ஒப்பிக்கிறான். அதே உலகில் ஒருவரை இன்னொருவர் என்று நினைத்துப் பெயர் மாற்றி அழைப்பது மட்டும் ஓயாமல் நடக்கிறது. நண்பனின் விசிட்டிங் கார்டு தன்னுடையதைவிட நேர்த்தியாக இருப்பதைக் கண்டு அவன் பொருமும் காட்சி, நையாண்டியின் உச்சம். இருப்பினும் அவன் கொலைகாரனாகவும் தன்னைக் காட்டிக்கொள்வதால், 'நான் இவனல்ல' என்று வாசகர் எளிதில் நழுவிவிடலாம். மேலும், பாத்திரத்தின் குரலை ஆசிரியரின் குரலாகவே எடுத்துக்கொள்ளும் ஆபத்தும் இந்த வழியில் உண்டு; நூலை முதலில் ஏற்றிருந்த பதிப்பகம் 1990இல் எதிர்ப்புக்கிடையே பின்வாங்கியது.

மூன்றில் என் தேர்வு, பாத்திரத்தை ஒட்டியே நடக்கும் நடுவழி; அதற்கு எடுத்துக்காட்டு, அமெரிக்க நாவலாசிரியர் சின்க்ளேர் லூயிஸ் 1922இல் வெளியிட்ட 'பாபிட்'. வீட்டுமனைத் தரகரான பாபிட்டை நமக்கு அறிமுகப்படுத்துவதே ஓர் அலாரக் கடிகாரம்தான்: நாடெங்கும் விளம்பரப்படுத்தப்பட்ட சிறந்த ரகம், தேவாலய மணியோசை, விட்டுவிட்டு ஒலிக்கும் வசதி, இருளில் ஒளிரும் முகப்பு. இத்தனை சிறப்பும் கொண்ட கருவி தன்னை எழுப்புவதில் அவருக்குப் பெருமை. லூயிஸ் கேலியாக ஒரு சொல்லும் சேர்ப்பதில்லை. விளம்பரத்தின் மொழியை அப்படியே பாபிட்டின் தலைக்குள் ஓடவிடுகிறார், அவ்வளவுதான். ஆளோ கொடியவரல்ல, குடும்பத்துக்காக உழைப்பவர், ஊராரின் மதிப்புக்கு ஏங்குபவர். அதனால் அவரைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கும் வாசகர், தம் மேசைமீது இருப்பவற்றையும் ஒருமுறை பார்த்துக்கொள்ள நேர்கிறது.

'பாபிட்' நாவலின் நடுப்பகுதி சற்று இழுக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால், எல்லிஸ் அடுக்கும் நிறுவனப் பெயர்களில் பாதிக்கு இன்றைய வாசகர் விளக்கம் தேட வேண்டியிருக்கும். லூயிஸின் கடிகாரத்துக்குப் பெயரே இல்லை என்பதால், அதன் இடத்தில் எந்த ஆண்டின் கருவியை வைத்தாலும் அந்தப் பத்தி வேலை செய்கிறது.